பக்கத்து வீட்டுக் கட்டுமானமும் கவுன்சிலின் தவறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் சொந்த வீட்டில் இருக்கும் நம்மவர்கள் பலரும் ஒரே கேள்விகளை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தமிழ்ப் பள்ளி வாசலில், கோயில் மண்டபத்தில், இரவு பத்து மணித் தொலைபேசியில் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. என் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே கவுன்சிலின் தவறால் ஒரு சுவர் எழும்பியது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்தேன். தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு இவை தெரியவில்லை. உங்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதில் உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் விதிகளும் கெடுக்களும் வேறு.

1. கவுன்சில் பக்கத்து வீட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. எங்களுக்கு இவ்வளவு பாதிப்பு இருக்கிறது. இது கவுன்சிலின் தவறுதானே?

பாதிப்பு இருப்பதாலேயே அது தவறு ஆகிவிடாது. உங்கள் தோட்டத்தில் நிழல் விழும் என்று தெரிந்தே, "விழட்டும், அது ஏற்கத்தக்க அளவுதான்" என்று கவுன்சில் முடிவெடுக்கலாம். அது அவர்களுடைய மதிப்பீடு. நாம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சட்டப்படி அது தவறில்லை. நீதிமன்றமும், கவுன்சில்கள்மீதான புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனும் அந்த மதிப்பீட்டுக்குள் கைவைக்க மாட்டார்கள்.

தவறு என்பது அந்த முடிவுக்கு வந்த வழியில் இருக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்காதது, எதிர்ப்புக் கடிதத்தைப் படிக்காமல் விட்டது, தவறான வரைபடத்தை நம்பியது, இருக்கும் ஜன்னலை இல்லை என்று அறிக்கையில் எழுதியது, தன்னுடைய கொள்கை ஆவணத்தையே தவறாகப் புரிந்துகொண்டது, கவுன்சிலின் திட்டமிடல் குழு விதித்த நிபந்தனையை அனுமதிக் கடிதத்தில் சேர்க்க மறந்தது போன்றவை தவறுகள். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பதையும் "இவர்கள் இதைச் செய்யத் தவறினார்கள்" என்பதையும் முதல் நாளே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் இரண்டாவதைப் பற்றியதுதான்.

2. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அனுமதி கொடுக்க முடியும்?

சாதாரண வீட்டு விண்ணப்பத்துக்குச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. எல்லையை ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், அல்லது இடத்துக்கு அருகில் 21 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதும். விளக்குக் கம்பத்தில் கட்டிய ஒரு காகிதம் மழையில் நனைந்து சுருண்டிருந்தாலும், கவுன்சில் தன் கடமையைச் செய்துவிட்டதாகவே கணக்கு.

கடிதம் வந்தாலும் அதில் உங்கள் பெயர் இருக்காது. "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்று போட்டு வரும். பீட்சாக் கடை விளம்பரங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பெயரில்லாத உறையையும் பிரித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கவுன்சிலும் பொதுமக்களை எப்படிக் கலந்தாலோசிக்கும் என்று ஓர் அறிக்கை வைத்திருக்கிறது. அதில் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாக வாக்களித்திருந்தால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். லண்டன் கேம்டனில் அப்படி வாக்களித்துவிட்டு அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்காமல் விட்டது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் சொன்னது. ஆனால் அந்த அனுமதியை ரத்து செய்யவில்லை. இந்த இரண்டாவது பாதியையும் மனதில் வையுங்கள். தவறு நிரூபணமானாலும் பரிகாரம் தானாக வராது.

3. எதிர்ப்புத் தெரிவிக்க 21 நாள் முடிந்துவிட்டது. இனி எழுதிப் பயனில்லையா?

முடிவு வெளியாகும் நொடிவரை எழுதுங்கள். 21 நாள் என்பது அதற்கு முன் கவுன்சில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கான கெடு. பிறகு வரும் கடிதத்தையும் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். சிறிய விண்ணப்பங்களுக்கு எட்டு வாரம் இலக்கு என்பதால் இடையில் சில வாரங்கள் கிடைக்கும்.

4. வீட்டு விலை குறைந்துவிடும் என்று எழுதினேன், கண்டுகொள்ளவே இல்லை. வேறு எப்படி எழுதுவது?

வீட்டு விலை, அழகான காட்சி மறைவது, கட்டும்போது வரும் சத்தம், பக்கத்து வீட்டுக்காரரின் குணம் ஆகியவை திட்டமிடல் முடிவில் எடுத்துக்கொள்ளக் கூடிய காரணங்கள் அல்ல. வெளிச்சம் குறைவது, படுக்கையறைக்குள் நேராகப் பார்வை விழுவது, சுவர் மேலே வந்து அழுத்துவதுபோல் இருப்பது, வாகன நிறுத்தம், தெருவின் அமைப்புக் கெடுவது ஆகியவை எடுத்துக்கொள்ள வேண்டிய காரணங்கள்.

"இருட்டாகிவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அறை, எந்த ஜன்னல், அது எந்தத் திசையைப் பார்க்கிறது, எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். பல கவுன்சில்கள் 45 பாகை விதி என்று ஒன்றைப் பின்பற்றுகின்றன. உங்கள் ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு இழுத்தால் புதிய கட்டடம் அதை வெட்டுகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் கவுன்சிலின் வழிகாட்டியில் அது இருந்தால், அந்தக் கோட்டை நீங்களே வரைந்து இணைத்துவிடுங்கள். உள்ளே நின்று ஜன்னல் வழியாக எடுத்த ஒரு புகைப்படத்தையும் சேருங்கள். அதன் அருமை 12ஆம் கேள்வியில் தெரியும்.

5. தவறாகக் கொடுத்த அனுமதி எப்படிச் செல்லும்? தவறு என்று காட்டினால் தானாகவே ரத்தாகிவிடாதா?

ஆகாது. என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் நாள்களை இழக்கிறார்கள். அனுமதிக் கடிதம் வெளியானதும், அது எவ்வளவு தவறாக இருந்தாலும், நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அல்லது சட்டம் சொல்லும் வேறு வழியில் நீக்கப்படும்வரை உயிரோடு இருக்கும். கவுன்சில் "மன்னிக்கவும், கைதவறி அனுப்பிவிட்டோம்" என்று திரும்ப வாங்க முடியாது.

கென்ட் மாவட்டத்தின் ஸ்வேல் கவுன்சிலில் 2021இல் நடந்ததைப் பாருங்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்த்தபோது இளநிலை ஊழியர் ஒருவர் தட்டிய போலி முடிவுகள் ஐந்து உண்மையான விண்ணப்பங்களின் மீது இணையத்தில் வெளியாகிவிட்டன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் விளையாட்டாக எழுதிய கொச்சை வாசகங்கள் இருந்தன. பார்த்த எவருக்கும் அது தவறு என்று தெரியும். அப்படியிருந்தும் அவை சட்டப்படி செல்லுபடியாகும், நீக்க வேண்டுமானால் நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று கவுன்சிலுக்குச் சட்ட ஆலோசனை கிடைத்தது. அப்படி இருக்க, வரைபடத்தில் ஒரு ஜன்னல் விடுபட்டதாலோ, ஒரு கடிதம் தபாலில் போகாததாலோ அனுமதி தானாக விழுந்துவிடாது.

6. மேல்முறையீடு எங்கே போடுவது?

உங்களுக்கு மேல்முறையீடு இல்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்தால் அண்டை வீட்டார் செய்ய முடியாது. 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. பக்கத்திலுள்ள அயர்லாந்துக் குடியரசில் மூன்றாம் தரப்பினரும் மேல்முறையீடு செய்யலாம். இங்கே ஏன் கூடாது என்பதற்கு எனக்கு ஏற்புடைய பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு வீட்டின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் முடிவில் அந்த வீட்டுக்காரருக்கு மேல்முறையீடு இல்லை என்பது அநியாயம்.

7. அப்படியானால் நீதிமன்றம்தான் வழியா? ஆறு வாரம் என்கிறார்களே, எந்த நாளிலிருந்து?

உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்கலாம். முடிவு நல்லதா கெட்டதா என்று அங்கே பார்க்க மாட்டார்கள். 1ஆம் கேள்வியில் சொன்னதுபோல் எடுத்த விதம் சட்டப்படி சரியா என்றுதான் பார்ப்பார்கள். திட்டமிடல் முடிவுகளுக்கு 2013 ஜூலை முதல் கெடு ஆறு வாரம். அந்த ஆறு வாரம் அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓடுகிறது. உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தோ, சாரம் கட்டிய நாளிலிருந்தோ, கவுன்சில் உங்கள் புகாருக்குப் பதில் போட்ட நாளிலிருந்தோ அல்ல. கவுன்சிலின் புகார் நடைமுறையில் காத்திருந்தே பலர் இந்தக் கெடுவை விட்டுவிடுகிறார்கள். புகாரும் வழக்கும் வேறு வேறு கடிகாரங்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுவது நியாயம். சுற்றுச்சூழல் சார்ந்த வழக்காக ஏற்கப்பட்டால், ஆர்ஹூஸ் என்ற பன்னாட்டுச் சுற்றுச்சூழல் உடன்படிக்கையின் வழியே, தோற்றாலும் தனிநபர் ஒருவர் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய தொகை பொதுவாக 5,000 பவுண்டைத் தாண்டாது. வென்றால் கவுன்சிலிடமிருந்து நீங்கள் பெறக்கூடியதும் பொதுவாக 35,000 பவுண்டுக்குள்தான். உங்கள் வழக்கறிஞருக்குக் கொடுப்பது இதில் சேராது. வழக்குப் போடும் முன் அனுப்பும் முறையான எச்சரிக்கைக் கடிதத்துக்கே சில கவுன்சில்கள் இறங்கி வருவதுண்டு. ஆகவே திட்டமிடல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு மணி நேர ஆலோசனையாவது பெற்றுவிடுங்கள்.

8. அடித்தளம் தோண்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு வாரம் எப்போதோ போய்விட்டது. கதவு மூடிவிட்டதா?

ஏறக்குறைய மூடிவிட்டது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. லிவர்பூல் அருகே விரல் (Wirral) பகுதியில் நடந்த வழக்கு இதற்குப் பேர்போன உதாரணம். கட்டடம் கட்டக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பசுமை வளையப் பகுதியில் மூன்று பெரிய நிகழ்ச்சிக் கூடாரங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுக்கக் கவுன்சில் தீர்மானித்தது. 2011 டிசம்பரில் வெளியான அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை எதுவுமே இல்லை. தற்காலிகக் கூடாரம் அலுவலகப் பிழையால் நிரந்தரமாகிவிட்டது. 2017இல்தான் பக்கத்து ஹோட்டல் வழக்குப் போட்டது. ஐந்தரை ஆண்டு தாமதம் என்றாலும் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதைக் கேட்டு நம்பிக்கையை அதிகம் வளர்த்துக்கொள்ள வேண்டாம். அனுமதி பெற்றவருக்கே தவறு தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தார் என்பது அங்கே பெரிய காரணம். சாதாரண வீட்டு விரிவாக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு அனுமதியை நம்பிப் பணம் போட்டிருந்தால், நீதிமன்றம் அவருடைய இழப்பையும் பார்க்கும். தெரிந்த நாளிலிருந்து நீங்கள் எவ்வளவு வேகமாக நகர்ந்தீர்கள் என்பதையும் பார்க்கும்.

9. வழக்கில் வென்றால் கட்டியதை இடித்துவிடுவார்களா?

உடனே இல்லை. அனுமதி ரத்தானால் விண்ணப்பம் மறுபடி கவுன்சிலின் மேசைக்குப் போகும். அவர்கள் இந்த முறை ஒழுங்காகப் பரிசீலித்து மறுபடியும் அனுமதி தரலாம். நிறைய முறை அப்படித்தான் நடக்கிறது. தவறு நடக்காவிட்டாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது என்று தோன்றினால் நீதிமன்றம் ரத்து செய்யாமலே விடவும் சட்டம் சொல்கிறது. ஆகவே "அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா?" என்ற கேள்விக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். இதே கேள்வி ஒம்புட்ஸ்மனிடமும் வரும்.

10. தவறு எங்களுடையதுதான் என்று கவுன்சிலே மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. பிறகு ரத்து செய்ய என்ன தடை?

பணம்தான் தடை. 6ஆம் கேள்வியில் சொன்ன 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97ஆம் பிரிவின்படி, கட்டி முடிக்கும் முன் கவுன்சில் அனுமதியைத் திரும்பப் பெறலாம். முடித்துவிட்டால் 102ஆம் பிரிவு என்று இன்னும் கடினமான வழி இருக்கிறது. எதைச் செய்தாலும் கட்டியவருக்குச் செலவும் நிலமதிப்பு இழப்பும் கவுன்சில்தான் ஈடுகட்ட வேண்டும். வால்வர்ஹாம்டனில் எரிவாயுக் கிடங்கு அருகே மாணவர் விடுதிகளுக்கு அனுமதி கொடுத்து, பாதுகாப்பு ஆணையம் எதிர்த்த பிறகும் கவுன்சில் திரும்பப் பெற மறுத்தது. இப்படி முடிவெடுக்கும்போது இழப்பீட்டுச் செலவைக் கவுன்சில் கணக்கில் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்து என்ற வழக்கிலேயே செலவைப் பார்க்கலாம் என்றால், நம் ஜன்னல் வெளிச்சத்துக்காக எந்தக் கவுன்சிலும் அந்தப் பிரிவைத் தொடுமென்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அந்த மின்னஞ்சலை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்த கேள்விக்கு அது பொன்.

11. ஒம்புட்ஸ்மனிடம் போனால் உண்மையில் என்ன கிடைக்கும்?

உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என்பது அவருடைய முழுப் பதவி. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். முதலில் கவுன்சிலின் புகார் நடைமுறையை முடிக்க வேண்டும். பிரச்சினை தெரிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் அவரிடம் போக வேண்டும். அவரால் அனுமதியை ரத்து செய்ய முடியாது. இடிக்கச் சொல்லவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

அவர் இரண்டு கேள்வி கேட்பார். கவுன்சில் தவறு செய்ததா? அதனால் உங்களுக்கு அநீதி நேர்ந்ததா? முதலாவதை நிரூபிப்பது பல நேரம் எளிது. இரண்டாவதில்தான் கால் தடுக்கும். தவறு இல்லாமலும் அதே அனுமதி கிடைத்திருக்கும் என்று அவர் கருதினால் மன்னிப்பும் மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகையுமே கிடைக்கும். அது சில நூறு பவுண்டு. முடிவு வேறாக இருந்திருக்கும் என்று கருதினால் கதை மாறும். கட்டுமானத்தோடு உங்கள் வீட்டின் மதிப்பு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று அரசு மதிப்பீட்டாளரைக் கொண்டு கணக்கிட்டு, வித்தியாசத்தைக் கவுன்சில் கொடுக்கும்படி அவர் பரிந்துரைத்ததுண்டு. மறைப்பு வேலி, மங்கல் கண்ணாடி போன்றவற்றுக்குக் கவுன்சில் செலவு செய்யும்படி சொன்னதும் உண்டு.

ஆகவே புகாரில் உங்கள் ஆத்திரத்தை எழுதி இடத்தை நிரப்பாதீர்கள். கவுன்சில் அதே மாதிரி வேறொரு விண்ணப்பத்தை இதே தெருவில் மறுத்திருக்கிறதா என்று தேடுங்கள். திட்டமிடல் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. "என் ஜன்னலைப் பார்த்திருந்தால், 27ஆம் எண் வீட்டுக்கு மறுத்ததுபோல் இதையும் மறுத்திருப்பீர்கள்" என்ற ஒரு வரி பத்துப் பக்க வேதனையைவிட வேலை செய்யும்.

12. அவர்கள் கொடுத்த வரைபடத்தில் எங்கள் ஜன்னலே இல்லை. கவுன்சில் வந்து பார்த்திருக்க வேண்டாமா?

என் வீட்டில் நடந்ததே இதுதான். பக்கத்து வீட்டு இரண்டு மாடிப் பின்விரிவின் வரைபடத்தில் எங்கள் பக்கச் சுவர் வெறும் கோடாக இருந்தது. திட்டமிடல் அலுவலர் வந்தார். ஆனால் அவர்கள் தோட்டத்தில் நின்று ஆறு படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கோணத்தில் ஒரு எல்டர் மரம் எங்கள் சமையலறை ஜன்னலை முழுவதும் மறைத்திருந்தது. அறிக்கையில் "அண்டைச் சுவரில் ஜன்னல்கள் இல்லை" என்று ஒரே வரி. அதன் மேல் மற்ற எல்லா வரிகளும் அமைந்தன. பெயரில்லாத கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்ததா என்று இன்றும் தெரியாது. செங்கல் அடுக்கி ஒன்பதாவது வாரம்தான் பதிவேட்டைத் திறந்தேன். மழைக்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே அடுப்படியில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஒம்புட்ஸ்மன் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கொஞ்சம் சிறிய வடிவத்தில் எப்படியும் அனுமதி கிடைத்திருக்கும் என்றார். மன்னிப்புக் கடிதமும் 500 பவுண்டும் வந்தன. அந்த ஜன்னலின் உள்ளிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை விண்ணப்பக் காலத்தில் நான் அனுப்பியிருந்தால் அறிக்கையில் அந்த வரி வந்திருக்காது. கவுன்சில் வந்து பார்க்க வேண்டும் என்பது சரி. உங்கள் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். விண்ணப்பம் தெரிந்ததும் "எங்கள் வீட்டுக்குள் வந்து பாருங்கள்" என்று அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள்.

13. கலந்தாலோசித்தபோது காட்டிய வரைபடம் வேறு, அனுமதித்த வரைபடம் வேறு. இது சரியா?

சிறு மாற்றத்துக்கு மறுபடி கேட்க வேண்டியதில்லை. மாற்றம் பெரிதாக இருந்தும், பாதிக்கப்படுபவர்களுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பே தராவிட்டால் அது நியாயமற்றது. லண்டன் ஹாக்னியில் ஒரு புகைப்படக் கூட வளாகம் தொடர்பான வழக்கில் 2017இல் அனுமதி ரத்தானதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கேயும் 7ஆம் கேள்வியில் சொன்ன ஆறு வாரம்தான். எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு இருந்துவிடாமல் வாரம் ஒரு முறை பதிவேட்டில் புதிய வரைபடம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வரைபட எண்ணின் கடைசியில் உள்ள எழுத்து மாறியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது.

14. வீட்டு மதிப்பு நிறையக் குறைந்துவிட்டது. கவுன்சில்மீது நேரடியாக நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா?

திட்டமிடல் முடிவில் கவனக்குறைவாக இருந்தது என்பதற்காக அண்டை வீட்டார் நஷ்டஈடு கேட்க முடியாது என்பதே பொது நிலை. டோர்பேயில் ஒரு பட்டறையின் வண்ணப்பூச்சுப் புகையால் பாதிக்கப்பட்டவர்கள் அனுமதி கொடுத்த கவுன்சில்மீது போட்ட வழக்கு 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. திட்டமிடல் அதிகாரம் பொதுநலனுக்கானது, தனித்தனி அண்டை வீட்டாருக்குக் கவுன்சில் அப்படியொரு கடமை பட்டிருக்கவில்லை என்பது காரணம். விதிவிலக்குகள் மிக அரிது. "நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள்.

15. அனுமதியே வேண்டாம் என்று கவுன்சில் சொல்கிறது. ஆறு மீட்டர் நீளத்துக்குக் கட்டுகிறார்கள், அதெப்படி?

பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒட்டு வீடுகளுக்குப் பின்புறம் தரைத்தளத்தில் மட்டும் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் நீளம்வரை, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் விண்ணப்பமே வேண்டாம். அதற்கு மேல் 6 அல்லது 8 மீட்டர்வரை போக முன்னறிவிப்பு முறை இருக்கிறது. கவுன்சில் எல்லையை ஒட்டியவர்களுக்குக் கடிதம் அனுப்பும்.

அந்தக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். எல்லையை ஒட்டிய ஒருவராவது எதிர்த்தால்தான் பாதிப்பு எவ்வளவு என்று கவுன்சில் ஆராயும். யாரும் எழுதாவிட்டால் ஆராயாமலே போய்விடும். 42 நாளுக்குள் கவுன்சில் பதிலே சொல்லாவிட்டால் அவர்கள் கட்டத் தொடங்கலாம். கோப்பு யாரோ விடுப்பில் போனவரின் மேசையில் கிடந்தாலும் அதே விளைவுதான்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரையின் விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, மொத்த உயரம் 4 மீட்டருக்குள். தாண்டினால் அது வேண்டாத அனுமதி அல்ல, வாங்காத அனுமதி.

16. அனுமதித்ததைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டார். புகார் செய்தும் கவுன்சில் அசையவில்லை.

நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் விருப்பத்துக்கு உட்பட்டது, கட்டாயம் அல்ல. கட்டிய பிறகு விண்ணப்பிக்கச் சொல்லி அதையே அனுமதித்தும் விடலாம். ஆனால் புகாரை விசாரிக்காமலே விட்டால், ஏன் எடுக்கவில்லை என்று பதிவு செய்யாவிட்டால், அது 11ஆம் கேள்விக்குரிய தவறு.

கவுன்சில் நடவடிக்கை எடுப்பதற்கான காலக்கெடு 2024 ஏப்ரல் 25 முதல் மாறியிருக்கிறது. முன்பு கட்டுமானத்துக்கு நான்கு ஆண்டு, இப்போது பத்து. அந்தத் தேதிக்கு முன் பெருமளவு கட்டி முடித்தவற்றுக்குப் பழைய நான்கு ஆண்டுதான். வேண்டுமென்றே மறைத்தால் கெடு காப்பாற்றாது. சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் கோட்டை வடிவில் வீடு கட்டி நான்கு ஆண்டு குடியிருந்தார். கடைசியில் அதை இடிக்க வேண்டியதாயிற்று.

17. கவுன்சில் அனுமதி இருக்கிறது என்கிறார். அதற்கு மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?

உண்டு. திட்டமிடல் அனுமதி கவுன்சிலுக்கும் கட்டுபவருக்கும் இடையிலான விஷயம். கட்டுபவருக்கு எதிராக உங்களுக்குள்ள தனிப்பட்ட சட்ட உரிமைகளை அது பறித்துவிடாது. ஒரு ஜன்னல் வழியே 20 ஆண்டு தடையின்றி வெளிச்சம் வந்திருந்தால் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒளி உரிமை உருவாகியிருக்கலாம். அதை மீறினால் தடையாணையோ நஷ்டஈடோ கட்டுபவரிடம் கேட்கலாம். உங்கள் அடித்தளத்தைவிட ஆழமாக 3 மீட்டருக்குள் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொதுச்சுவரிலேயே கைவைத்தால் இரண்டு மாதம். சஃபோக்கில் மோட்டார் பந்தய மைதானத்தின் சத்தம் தொடர்பான வழக்கில், திட்டமிடல் அனுமதி இருப்பதால் மட்டும் தொல்லை தொல்லையில்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது.

கவுன்சிலோடு மட்டும் மல்லுக்கட்டி இந்தக் கதவைத் தட்டாமலே விடுகிறவர்கள் அதிகம். பழைய வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஒளி உரிமை தெரிந்த சர்வேயரைப் பார்ப்பது நல்லது.

18. அலுவலர் என்ன எழுதினார், யாரோடு பேசினார் என்றெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

அறிக்கை பதிவேட்டிலேயே இருக்கும். மற்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் தகவல் விதிகள் 2004இன் கீழ் எழுதிக் கேளுங்கள். பொதுவாக 20 வேலை நாளில் தர வேண்டும். தள வருகைப் படங்கள், குறிப்புகள், மின்னஞ்சல்கள், கடிதம் அனுப்பிய முகவரிப் பட்டியல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்டர் மரத்தின் படம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இது வரட்டும் என்று ஆறு வாரக் கெடுவை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது.

19. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறோம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதம் வீட்டுக்குப் போகும், குடியிருப்பவர் அதை எறிந்துவிடுவார். பல கவுன்சில்கள் அஞ்சல் குறியீட்டைப் பதிந்தால் அருகில் வரும் விண்ணப்பங்களை மின்னஞ்சலில் அனுப்புகின்றன. இன்றே பதியுங்கள். வாடகைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

20. பக்கத்து வீட்டு அண்ணாவோடு பத்து வருடப் பழக்கம். கவுன்சில்மீது புகார் போட்டால் அவருக்கு எதிராகப் போனதாகிவிடாதா?

எதிர்ப்புக் கடிதம் பெரும்பாலும் பெயரோடு பதிவேட்டில் வரும். அவர் நிச்சயம் படிப்பார். ஆகவே அவர் படிக்கும் முன் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். "அண்ணா, கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஜன்னல் பக்கம் ஒரு மீட்டர் குறைத்தால் போதும்" என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விண்ணப்பக் காலத்தில் ஒரு மீட்டர் குறைக்கப் புதிய வரைபடம் ஒன்று போதும். கான்கிரீட் ஊற்றிய பிறகு அதே ஒரு மீட்டருக்கு நீதிமன்றம் போக வேண்டும்.

கட்டி முடிந்த பிறகும் பேசலாம். நான் ஒம்புட்ஸ்மனிடம் போனபோது, புகார் கவுன்சிலின் வேலையைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எங்கள் சமையலறைக்கு வந்து, ஜன்னல் அருகே சிறிது நேரம் நின்று அந்தச் சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம் ஆள் வைத்து எங்கள் பக்கம் தெரியும் செங்கல் முழுவதற்கும் வெள்ளை அடித்துத் தந்தார். வெயில் நாள்களில் இப்போது மூன்றரை மணிவரை விளக்குப் போடாமல் சமைக்க முடிகிறது.